ஆறே முக்கால் மணி ஜோக்கு

என் வீட்டுக்காரர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் லீவில் வந்தால் கதை கதையாக அளப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இவர் வந்தால் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, சுவரில் ஆணி ஆடுகிறதா, குழாயில் சொட்டுகிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. நான் ஸ்கூட்டி பழகுகிறேன் என்று மத்திகிரி மாட்டுப்பண்ணை வேலியில் போய்ச் சாய்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாடு வந்து என் முந்தானையைச் சப்பியது. அன்றைக்குச் சிரித்தார். அதற்கு நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட மனிதர், எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரத்தில், காலை ஆறே முக்காலுக்குப் போன் செய்து என்னிடம் ஒரு ஜோக்குச் சொன்னார்.

நான் ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும் சாமானைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, ஒரு கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். எனக்குச் சம்பளமே சந்தேகப்படத்தான். வேலையில் பழகியது வீட்டிலும் வரத்தானே செய்யும்? பால்காரர் ஒரு நாள் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடுதல் என்று நினைக்கிறவள் நான். மகளைக் காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறேன். அவள் போனில் ரொம்ப அன்பாகப் பேசினால் மார்க் குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

அன்றைக்கு அவர் சொன்ன ஜோக்கு இது. எதிரி போட்ட குண்டு நேராக அவர்கள் சமையல் கொட்டகையில் விழுந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். சிதறிய இரும்புத் துண்டெல்லாம் முந்தின நாள் சுட்ட சப்பாத்தியில் பட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவர் மட்டுமில்லை, பக்கத்தில் இன்னும் யார் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

குண்டு எங்கே விழுந்தது, உங்களுக்கு எங்கே பட்டது, ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசுகிறீர்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். ஒன்றுமில்லை, ஜோக்குத்தான் என்றார். நீங்கள் எப்போதிருந்து ஜோக்குச் சொல்ல ஆரம்பித்தீர்கள் என்றேன். பின்னால் யாரோ உச்சுக் கொட்டியது கேட்டது. வைத்துவிட்டார்.

மறுநாளும் ஆறே முக்கால். டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன், ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ். சொந்த போனையெல்லாம் மேலதிகாரிகள் வாங்கி வைத்துவிட்டார்கள், மலை மேல் அவர்கள் காவல் போஸ்ட்டுக்கு ஒரே போன்தான், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று சொல்லியிருந்தார். கிடைக்கிற மூன்று நிமிஷத்தில் மனிதர் என்ன கேட்க வேண்டும்? மகள் எப்படி இருக்கிறாள், நீ சாப்பிட்டாயா, வீட்டுக்காரம்மா வாடகை ஏற்றினாளா. இவர் ஒரு ஆட்டைப் பற்றிச் சொன்னார். காவலுக்கு நின்றவன் இருட்டில் ஏதோ அசைகிறது என்று துப்பாக்கியைத் தூக்கி அடையாள வார்த்தை கேட்டானாம். ஆடு கத்தியதாம். அவன் ரிஜிஸ்டரில், 'கேட்டேன், பதில் வந்தது, உள்ளே விட்டேன்' என்று எழுதி வைத்துவிட்டானாம்.

இப்போது சொல்கிறேன், அது நல்ல ஜோக்கு. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், குடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். யாருமில்லை என்றார். யாருமில்லாத இடத்தில் எப்படி இருமல் கேட்கும்?

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருகிறவள் திருநெல்வேலிக்காரி. புருஷன் துபாயில். ஆண்கள் தூரத்தில் இருந்துகொண்டு செய்கிற திருட்டுத்தனத்தில் அவளுக்கு அனுபவம் உண்டு. அவளிடம் மட்டும் சொன்னேன்.

“ஏட்டி, சிரிக்காத ஆம்பிளை திடீர்னு சிரிக்கப் பேசுதான்னா அதுல என்னமோ சோலி இருக்கு, பாத்துக்க” என்றாள் அவள்.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. அன்றைக்கு நல்ல சாமானையும் சேர்த்துச் சிவப்புத் தொட்டியில் போட்டு, சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டினார். மனதுக்குள் மூன்று கணக்கு ஓடியது. ஒன்று, அவருக்கு அடிபட்டிருக்கிறது, மறைக்கிறார். இரண்டு, குடிக்கிறார். மூன்று, திருநெல்வேலிக்காரி சொல்லாமல் சொன்னது. குண்டு விழுகிற மலையில் மூன்றாவது எப்படி நடக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அதையும் விடவில்லை. என் புத்தி அப்படி.

ஆறு நாள் இப்படி. ஆறு நாளும் ஜோக்கு, ஆறு நாளும் நான் விசாரணை. சிரிக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியமே வந்துவிட்டது. எதையோ மூடத்தான் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், நான் சிரித்துவிட்டால் அது மூடிப் போய்விடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் அவர் சொல்லி முடித்து, நான் கம்மென்று இருக்க, பின்னாலிருந்து ஒரு பையன் குரல் தமிழில், “போச்சுண்ணா, இன்னிக்கும் போச்சு” என்றது. எது போச்சு என்று கேட்டேன். சிக்னல் போச்சு என்றார். சிக்னல் போனால் அந்தப் பதில் மட்டும் எப்படி வந்தது என்று நாள் முழுவதும் யோசித்தேன்.

ஏழாம் நாள் அவர் குரல் கம்மியிருந்தது. களைப்பு. அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார், கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ஆபீசர் சாகிப் வந்தாரு. குண்டுச் சத்தத்துக்குப் பயப்படாதவன் எவன்டா இங்கன்னு கேட்டாரு. நான் மட்டும் கை தூக்கினேன். எப்படிடான்னாரு. தினம் காலையில ஊட்டுக்குப் போன் பண்றேன் சாகிப், பழகிப் போச்சுன்னேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையிலிருந்த டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது, குனிந்து எடுக்கும்போதும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடப்பாவி மனுஷா என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். இந்தியில், எனக்குத் தெரியாத எந்தெந்தப் பாஷையிலோ கத்தினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இத்தனை நாளும் நான் கேட்ட கேள்வி, திட்டிய திட்டு, குடித்தீர்களா, எவள் பக்கத்தில் என்று கேட்டதெல்லாம் ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. மானம் போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வந்தார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி குரலில் ஒரு சந்தோஷம். நான் பட்டென்று கட் செய்துவிட்டேன். நாளைக்குக் கூப்பிடட்டும், எடுக்கவே கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன். நாலாம் நாள் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் என்றார். ஜோக்கு இல்லை. பின்னால் இருமல் இல்லை, மூச்சு இல்லை. சண்டை நிற்கிற வரைக்கும் அப்படித்தான் பேசினார். ஜோக்குச் சொன்னபோது வந்த சந்தேகத்தைவிட, ஜோக்கு நின்றபோது வந்த சந்தேகம் பெரிதாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து லீவில் வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. குளிக்கப் போகும்போது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். வாசனை இல்லை, குடிக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ஒரு நாள் குப்பை கொட்டுகிற சாக்கில் பின்னால் போய் நின்றேன். தூங்கினியா, வலி இருக்குதா, சாப்பிடு என்று அவ்வளவு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் இந்தப் பதினோரு வருஷத்தில் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் பையில் வைத்தார். யாருக்கு என்றேன். கூட வேலை செய்கிற பையன், சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊர், பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? அவருக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊத்தங்கரை தாண்டிப் போனோம்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் பிளாஸ்டிக் சேரில் ஒரு பெரியவர், அந்தப் பையனின் அப்பா. உள்ளே கட்டிலில் பையன். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, லுங்கி தட்டையாகக் கிடந்தது. நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். நான் சந்தேகப்பட்ட எதிலும் இது இல்லை.

அவன் மனைவி சின்னப் பெண். சேர் எடுத்துப் போட்டாள். அவன் எதைச் சொன்னாலும் சிரித்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, மாமனார் வாசலில் உட்கார்ந்திருக்க, அப்படிச் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. புருஷனுக்குக் கால் போயிருக்கிறது, இவளுக்கு என்ன இத்தனை சிரிப்பு, இதில் என்னவோ இருக்கிறது என்றுதான் என் புத்தி போயிற்று.

நான் வணக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னதும் பையன் கட்டிலில் நிமிர்ந்தான்.

“அண்ணா, இது அந்த அக்காதான? சிரிக்காத அக்கா?” என்றான். போனில் 'போச்சுண்ணா' என்ற அதே குரல்.

என் வீட்டுக்காரர், விடுறா என்றார். அவன் விடவில்லை. அவனே எல்லாவற்றையும் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவர்கள் போஸ்ட்டுக்குத் தண்ணீர் கீழே ஓடையிலிருந்து வர வேண்டும். ஓடைக்கு இறங்குகிற சரிவு எதிரிக்குப் பளிச்சென்று தெரியும். தினமும் காலையில் ஒருவன் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். யார் போவது? பெயரைப் போட்டு அனுப்பினால், போனவன் திரும்பவில்லை என்றால் அனுப்பியவன் தலையில் பழி. சீட்டுக் குலுக்கினால் ராசி இல்லை என்றார்கள். அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள். காலையில் இரண்டு பேர் வீட்டுக்குப் போன் பேசலாம். ஸ்பீக்கரில் போட்டு ஆளுக்கு ஒரு ஜோக்குச் சொல்ல வேண்டும். எவன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அவன் தப்பித்தான். எவன் வீட்டில் சிரிக்கவில்லையோ அவன் கேனைத் தூக்க வேண்டும். வீட்டில் விஷயத்தைச் சொல்லக் கூடாது. அந்த வாரம் இவர்கள் இரண்டு பேர் முறை, தமிழ்க்காரர்கள் என்று ஜோடி போட்டிருந்தார்கள்.

“மத்தவனுங்களுக்குத் தமிழ் தெரியாதுக்கா. சிரிப்பு மட்டும் தெரியும்” என்றான். “ஆறு நாள் அண்ணன்தான் போனாரு. உங்களைச் சிரிக்க வெக்க எங்க போஸ்ட்டே ஜோக்கு யோசிச்சுது. பஞ்சாபிக்காரன் ஒருத்தன் உங்களுக்காக சாமிக்கெல்லாம் வேண்டினான்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாள். நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு, குடித்தீர்களா என்று கேட்ட ஆறு நாளும் அவரைச் சரிவில் இறக்கி விட்டிருக்கிறேன். ஏழாம் நாள் சிரித்தேன். என்னால் உட்கார முடியவில்லை.

“ஏழாவது நாள் நீங்க சிரிச்சுட்டீங்க. என் ஊட்டுல சத்தமே இல்ல. நான் போனேன்” என்றான் அவன். “தப்பு என் ஜோக்குலதான்க்கா. நல்ல ஜோக்குன்னு நெனச்சேன். கேளுங்க.”

சொன்னான். எதிரி தினமும் காலை ஆறு மணிக்கு டாண் என்று முதல் குண்டு போடுவானாம். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சமையல்காரர் டீக்கு அடுப்புப் பற்ற வைப்பாராம். ஒரு நாள் ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, சத்தமில்லை. யாருக்கும் டீ இல்லை. சமையல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாறை மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாராம்: ஏன்டா, லீவு போடறதா இருந்தா முந்தின நாளே சொல்றதில்லையா?

எனக்குத் தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் சூப்பர்வைசர் கன்னடத்தில் சொல்கிற அதே வார்த்தை. அந்த நேரத்திலும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, டீ போட உதவுகிறேன் என்று அந்தப் பெண்ணின் பின்னால் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

“நான் சிரிச்சேன்க்கா” என்றாள். குரல் வெளியில் வராமல் சொன்னாள். “மத்த நாளெல்லாம் மாமா காட்டுல இருப்பாரு, நான் நல்லாச் சிரிப்பேன். அன்னிக்கு டிவியில சண்டைச் செய்தி பாக்கறேன்னு எதிர்லயே உக்காந்துட்டாரு. மாமனார் முன்னாடி எப்படிக்கா சிரிக்கறது? முந்தானைய வாயில வெச்சு அடக்கிக்கிட்டேன். இவரு, என்னா சிரிப்பு வரலையான்னு ரெண்டு தடவ கேட்டாரு. பாத்து இருங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் நானாக இருந்தாலும் முந்தானையைத்தான் வாயில் வைத்திருப்பேன்.

“மாமாவுக்குத் தெரியும். நான் வாயப் பொத்தினதப் பாத்தாரு. இவரு ஆஸ்பத்திரியிலருந்து வந்து இந்தக் கதையச் சொன்னதுலருந்து என் முகத்தப் பாக்கறதில்ல. இவருக்கு மட்டும் தெரியாது. ஜோக்குச் சரியில்லன்னு நெனச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லித் திருத்திக்கிட்டே இருக்காரு. சொல்லிடாதீங்கக்கா.”

டீ கொதித்து இறக்குகிற நேரத்தில் உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். நான் வந்து சேரில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நீங்கதான் சொல்லணும். எங்க போஸ்ட்டுலயே உங்களைச் சிரிக்க வெக்கிறதுதான் கஷ்டம்னு பேரு. மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க. அந்த ஜோக்கு நல்லாயிருக்குதா, இல்லையா?”

வாசலில் பெரியவர் திரும்பவில்லை, ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முதுகிலேயே தெரிந்தது. என் வீட்டுக்காரர் முதல்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அப்புறம் இவள் ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வி சமையல்கட்டுக்குத்தான் போகும். நன்றாக இல்லை என்றால், கால் போனது இவன் குற்றம் என்று ஆகிவிடும். உண்மை மட்டும் சொல்லியே பழக்கப்பட்ட வாய் என்னுடையது. அதனால் எத்தனை வீட்டில் சண்டை வாங்கியிருக்கிறேன். அவள் டம்ளர்களோடு கதவோரம் வந்து நின்றாள்.

“நல்லா இல்ல தம்பி” என்றேன். “எனக்குச் சிரிப்பே வரல.”

அவன் கட்டிலில் ஒரு தட்டுத் தட்டினான்.

“அதான பாத்தேன்” என்றான். “நான் இவகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஜோக்குதான் சரியில்லன்னு.”

பெரியவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்து போனார். அவள் டம்ளரை முதலில் என்னிடம் நீட்டினாள். டீ ததும்பி என் சேலையில் கொட்டியது, பரவாயில்லை என்றேன். என் வீட்டுக்காரர் மறுபடியும் பாட்டில் மூடியைத் திருப்ப ஆரம்பித்தார்.

சரி, இதாவது தேறுதா பாருங்கக்கா என்று அவன் உடனே வேறொரு ஜோக்கை ஆரம்பித்தான். அவன் பாதி சொல்லும்போதே அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.